பின்சீட்டில் எடுத்த பாட்டு

ஜூன் 18, செவ்வாய்

இன்று ஹட்டனில் காப்புறுதி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி தன் போனை என் பக்கம் திருப்பினார். விபத்துக்குச் சற்று முன், என் கணவர் ஓட்டோ ஓட்டிக்கொண்டே பாடியதைப் பின்சீட்டுப் பயணி எடுத்த வீடியோ. விபத்தில் அவர் இறந்த பிறகு மலையகமே அதைத்தான் கேட்கிறது.

"நல்லா பாடியிருக்காருங்க. ஆனா சொந்தப் பாவனைக்குத்தான் காப்புறுதி போட்டிருக்காரு. இது காசுக்கு ஆள் ஏத்துன ஹயராச்சே, செல்லாதுங்க."

சொந்தக்காரரை ஏற்றிப்போனார் என்று சொல்லத்தான் போயிருந்தேன். பாட்டின் நடுவே அவரே கேட்கிறார்: "போன் அப்புல போட்ட எடத்துலயே எறக்கவாங்க?"

வாயை மூடிக்கொண்டு ஓட்டியிருக்கக் கூடாதா, அந்த மனுசன்!

தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்ததிலிருந்து மகள் அந்த வீடியோவையே திரும்பத் திரும்பப் போடுகிறாள். அவர் "எறக்கவாங்க?" என்று கேட்கும்போதெல்லாம், "நம்ம வீட்டுல எறக்குங்கப்பா" என்கிறாள்.