மழை விட்டதும் யார் பூசுவது

இன்று காலை அம்மா தரை துடைக்கும் வாளியில் சிட்ரனெல்லா எண்ணெயை ஊற்றியதும் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட் முழுவதும் உன் மலை மணத்தது. மானாப்புல்லைக் கசக்கி என் மூக்கருகே நீட்டி, "மோந்து பாருடி, உங்க வீட்டுத் தரை வாசம்தானே?" என்று நீ கேட்டாயே, அதே வாசனை.

"அம்மா, இண்டைக்கு அதை ஊத்தாதேங்கோ" என்றேன். அம்மா வாளியைக் கவிழ்த்துவிட்டு வெறும் தண்ணீர் பிடித்து வந்தார்.

நீ கொட்டாஞ்சேனையில் சித்தி வீட்டில் தங்கி எங்கள் வகுப்பில் சேர்ந்த புதிதில், ரயில் பாதையைத் தாண்டி உன்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். அலைகளையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு, "இவ்வளவு தண்ணி கெடக்கு, ஒரு வாய் குடிக்க முடியாதே. உங்க ஊரு வேஸ்ட்டுடி" என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உங்கள் லயத்து வீடுகளுக்கு ஊற்றுநீர் கொண்டுவந்த பீலி வற்றிப் பல வருடங்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

விடுமுறைக்கு உங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோதுதான் விளங்கியது. இளம்புல் துளிர்க்கட்டும் என்று மாடு வளர்ப்பவர்கள் கோடைதோறும் புல்மலைக்குத் தீ வைத்து வந்தார்கள். தீ ஓடையோரக் காட்டையும் தின்றது. மரம் போனதும் ஊற்றும் போனது. பிறகு மரம் நடுகிற குழுவினரும் உன் அப்பா போன்ற மாட்டுக்காரர்களும் கோயிலடியில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். இனித் தீ இல்லை. ஒரு பக்கம் மாடு மேய்ந்தால் மறுபக்கம் புல் வளரட்டும். ஓடையோரத்தில் மட்டும் பழைய காட்டு மரங்கள்.

வேலி அடித்தால் விறகுக்குப் பிடுங்கிவிடுவார்கள் என்று, சாணியைக் கரைத்து மரக்கன்றுகளின் இலைகளில் பூசினீர்கள். சாணி பட்ட இலையை மாடு தொடாதாம். நான் இரண்டு விரலால் தொட்டேன். "கொழும்புப் புள்ள எலைக்குப் பொட்டு வைக்குது பாரு!" என்று உன் அப்பா சிரித்தார். நீ என் கையை மணிக்கட்டுவரை வாளிக்குள் அமுக்கினாய்.

"ஒருக்காப் பூசினாக் காணும்தானே?"

"எங்கடி? மழை வந்தா கழுவிரும். விட்டதும் மறுபடி பூசணும்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"மாட்டு வாய்க்கு எட்டாத ஒசரம் வளர்ற வரைக்கும்."

அடுத்த விடுமுறை முடிந்து நீ வகுப்புக்குள் ஓடிவந்தாய். "பீலிக்கு அடியில ஈரம்டி! தண்ணி இல்ல, ஈரம்!" ஈரத்துக்காக ஒருத்தி இப்படித் துள்ளுவாளா என்று எல்லோரும் பார்த்தார்கள்.

அதற்கும் அடுத்த விடுமுறையில் மழை விடவேயில்லை. தொழுவத்தில் மாடுகளை அவிழ்த்துவிடப் போன உன்மேல் மேட்டு மண் சரிந்து இறங்கியது. நீங்கள் மரம் நட்ட பக்கம் அல்ல. எரிந்து எரிந்து மொட்டையாகிப்போன பக்கம். "அடுத்து அங்கதான்" என்று நீ கைகாட்டிய பக்கம்.

போன ஞாயிறு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். உன் அப்பா இப்போது சித்தி வீட்டில் இருந்து புறக்கோட்டைக்கு மூட்டை தூக்கப் போகிறார். அவரிடம் கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"அங்கிள், நட்ட மரங்கள் இருக்கா?"

"ஓடப்பக்கம் ஒண்ணும் ஆகலம்மா. நின்னுக்கிட்டுத்தான் இருக்கு."

அவர் தேநீர்க் கோப்பையை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அங்க இனி ஆள் இருக்கக்கூடாதுன்னுட்டாங்க. லயமே காலி. மாட்டையும் வித்தாச்சு. அடுத்த தோட்டத்து மாடு எறங்குதாம். யாரும்மா பூசுறது?" கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "பூசித்தான் என்ன? தண்ணி வந்தா யாரு குடிக்க?" என்றார்.

எதைக் கேட்டாலும் ஒரு புத்தகத்தில் இருந்து பதில் எடுப்பேன் என்று கேலி செய்வாயே. காடு பற்றி நூலகத்தில் இருந்ததையெல்லாம் வாசித்துவிட்டேன். ஆள் போய்விட்ட மலைக்கு எதற்கு ஊற்று என்று ஒன்றிலும் இல்லை.

இங்கே மழை தொடங்கினால் உனக்கு எழுதுவதை நிறுத்திவிடுகிறேன். அங்கேயும் பெய்யும். இலைகளிலிருந்து சாணி கரைந்து சொட்டும். விட்டதும் பூசவேண்டும் என்று கை முந்துகிறது. மழை விடுகிறது. காலிக்குப் போகும் வீதியில் பஸ்கள் மறுபடி ஹோர்ன் அடிக்கின்றன. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.