பச்சை காட்டிய ஒன்பது நாட்கள்

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் எபின் போன் செய்தான். சித்தி மகன். வீட்டோடு கிடக்கும் நோயாளிகளுக்கு மருந்து கொண்டு கொடுக்கும் ஒரு சங்கத்தின் நெய்யாற்றின்கரை ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். மருந்துப் பட்டியலைப் பழைய படிவத்திலிருந்து புதிய படிவத்துக்கு மாற்றுகிறார்களாம். "அக்கா, உங்க வரம்பு ஓட்டிப் பாத்தேன். எல்லாம் பச்சையாக்கும்" என்றான்.

வரம்பு நான் எழுதிய கம்ப்யூட்டர் கருவி. யாரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், குறையும் சொல்லலாம். ஒரு பட்டியலின் நேற்றைய அமைப்பையும் இன்றைய அமைப்பையும் அருகருகே வைத்து, எந்தக் கட்டம் போயிற்று, எது புதிதாக வந்தது, எது மாறியது என்று அது சொல்லும். ஆபத்து என்றால் சிவப்பு, சந்தேகம் என்றால் மஞ்சள், பயமில்லை என்றால் பச்சை. ஆறு வருடமாகக் கம்பெனி வேலை போக மீதி நேரமெல்லாம் இதற்குத்தான். முகம் தெரியாத ஆயிரம் பேர் பயன்படுத்துகிறார்கள். சொந்தக்காரன் ஒருவன் பயன்படுத்துவது இதுதான் முதல் தடவை. அம்மாவிடம் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை, "சரி, மீனைக் கழுவு" என்றாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

எபின் அழுதுகொண்டே பேசினான். மூன்று பேருக்கு மருந்து தப்பாகப் போயிருக்கிறது.

பழைய படிவத்தில் "ஒரு வேளைக்கு எத்தனை மாத்திரை" என்று ஒரு கட்டம். புதியதில் அதே இடத்தில் "ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை". உள்ளே இருந்த எண் அப்படியே தாவிவிட்டது. தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் இந்த மூவருக்கு ஒரு நாளில் நான்கு வேளை. பட்டியலைப் பார்த்துப் பொட்டலம் கட்டியவர்கள் நாளுக்கு ஒரே ஒரு மாத்திரை வைத்திருக்கிறார்கள். வலிக்கான மாத்திரை.

இரண்டு வீட்டுக்காரர்கள் முதல் நாளே போனில் சத்தம் போட்டு, கூடுதல் மாத்திரை வாங்கிக்கொண்டார்களாம். போன் எடுத்தவர் பொட்டலத்தில்தான் குறை என்று நினைத்துவிட்டார். மூன்றாவது ஆள், அம்பூரியில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்த பொன்னப்பன், ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது நாள். இன்று நர்ஸ் போய்ப் பார்த்துத்தான் தெரிந்தது.

"நான் எண்களைக் கண்ணால பாக்கணும் இல்லியா அக்கா? பச்சை எண்ணு வந்ததும் விட்டுட்டேன். என் தப்புதான்" என்றான்.

நான் என்ன சொன்னேன்? "அழாதே" என்று சொன்னேன். அவ்வளவுதான்.

பிப்ரவரி 15, சனி

அவன் தப்பு இல்லை.

இரண்டு படிவங்களையும் அனுப்பச் சொல்லி நானே ஓட்டிப் பார்த்தேன். ஒரே இடம், இரண்டும் எண், பெயரில் பாதி ஒன்று. "பெயர் மட்டும் மாறியிருக்கிறது, பயமில்லை" என்று பச்சை காட்டுகிறது. நான் எழுதிய ஊகம். போன வருடம் ஒரு மழை நாளில் எழுதி, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டது.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. போன ஜூலையில் அனூஜ் என்று ஒருவர், எந்த ஊரோ, இதையே குறையாக எழுதியிருக்கிறார். "பெயர் மாறும்போது பொருளும் மாறலாம். பச்சை காட்டாதீர்கள், மஞ்சள் காட்டிக் கேளுங்கள்." பதினோரு நிமிடத்தில் பதில் போட்டு, அந்தக் குறையை முடிந்ததென்று மூடியிருக்கிறேன்: "இந்தக் கருவி அமைப்பைத்தான் பார்க்கும், பொருளை அல்ல. முதலில் கையேட்டைப் படிக்கவும்."

படிக்கவுமாம். பெரிய இவள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. தலைவலி என்று அம்மாவிடம் சொன்னேன். தலை வலிக்கவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

சரி செய்துவிட்டேன். இனிமேல் இப்படிப்பட்ட இடத்தில் மஞ்சள்தான் வரும். நாற்பது வரி வேலை, ஒரு மதியம் போதுமாயிருந்தது. புதிய பதிப்பை வெளியிடும்போது என்ன மாறியது என்று எழுத வேண்டும், அது வழக்கம். நான் எழுதியது: "பெயர் மாற்றத்தைக் கண்டறிவதில் சிறு மேம்பாடு."

சிறு மேம்பாடு! ஒரு மனுஷன் ஒன்பது நாள் துடிச்சது சிறு மேம்பாடா?

ஆனாலும் அழிக்கவில்லை. அனூஜின் குறையையும் திறக்கவில்லை. திறந்தால் தேதியோடு எல்லாம் வெளியே வரும். இந்தக் கருவியைக் காட்டித்தான் கம்பெனியில் எனக்கு மரியாதை.

பிப்ரவரி 24, திங்கள்

சங்கத்துச் செயலாளர் கனகதாஸ் சார் எபினை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விசாரணை முடியட்டுமாம். எபின் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். அம்மா கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் வைத்தாள். தொடவில்லை.

"கருவி மேல பழி போடட்டா எண்ணு சார் கேட்டாரு அக்கா. இல்ல, அது எங்க அக்காக்கதாக்கும், அதுல பிழை வராது எண்ணு சொல்லிட்டேன்."

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுக்களைக்குப் போய்விட்டேன். சொல்லியிருக்கலாம், அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். வாயில என்ன கொழுக்கட்டையா இருந்தது?

மார்ச் 1, சனி

கனகதாஸ் சாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

அம்பூரிக்குப் போனேன். பொன்னப்பனைப் பார்த்துச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். பஸ்ஸில் வாக்கியம் வாக்கியமாகப் பாடம் செய்துகொண்டே போனேன்.

எபினின் அக்கா என்று சொன்னதும் அவர் மனைவி விலாசினி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பொன்னப்பன் கட்டிலில் சாய்ந்திருந்தார், கம்பு போல் மெலிந்து. "இப்போ கொள்ளாம் மோளே, நோவு குறைவாக்கும். இடையில கொஞ்ச நாளு பெரிய பாடாப் போச்சு. தீனம் முத்திப்போச்சு எண்ணுதான் நினைச்சேன். பின்ன டாக்டர் மருந்து கூட்டினாரு போல" என்றார்.

டாக்டர் கூட்டவில்லை. பழைய அளவுக்கே திருப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். போன் செய்யாத வீட்டுக்கு எதற்கு வலியப் போய்ச் சொல்வது என்று சங்கத்தில் விட்டுவிட்டார்களாம். விலாசினி தலையைக் குனிந்து முந்தானையின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தார்.

ஆரஞ்சுப் பையைக் கொடுத்தேன். "வாறேன்" என்றேன். வந்துவிட்டேன். இப்படியும் ஒரு ஜென்மம்.

மார்ச் 16, ஞாயிறு

பொன்னப்பன் இறந்துவிட்டார். நோய்தான் காரணம், எப்படியும் இந்த மாதம் தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். எனக்கு அதில் ஓர் ஆறுதல் வந்தது. அந்த ஆறுதல் வந்ததை நினைத்துத்தான் இன்று முழுவதும் வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 19, புதன்

அனூஜின் குறையைத் திறந்தேன். "நீங்கள் சொன்னது சரி. நான் பதினோரு நிமிடத்தில் மூடினேன். அதனால் ஒரு நோயாளி ஒன்பது நாள் வலியில் கிடந்தார். சிறு மேம்பாடு என்று நான் எழுதியது பொய்" என்று எல்லோரும் படிக்கும் இடத்தில் போட்டேன். அச்சடித்து நெய்யாற்றின்கரைக்குக் கொண்டு போய் கனகதாஸ் சார் மேசையில் வைத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"இது எப்போ அறிஞ்சீங்க?"

"போன மாசம் பதினஞ்சாம் தேதி."

"அப்போ அந்தப் பையனை நாங்க வீட்டுக்கு அனுப்பும்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

தாளை மடித்து இழுப்பறையில் வைத்தார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 22, சனி

விலாசினியிடம் சொன்னேன். படிவம், கட்டம் எல்லாம் அவருக்கு எதற்கு? என் தப்பால் ஒன்பது நாள் கால் பங்கு மருந்துதான் பொன்னப்பனுக்குப் போயிற்று என்று சொன்னேன்.

 "எந்த ஒம்பது நாளு?" என்று கேட்டார். ஐந்திலிருந்து பதிமூன்று வரை என்றேன்.

"பொட்டலம் கொண்டு வந்த ஆளுகிட்ட ஒண்ணுதானா எண்ணு கேட்டேன். லிஸ்ட்ல இதாக்கும் உள்ளது, டாக்டர் குறைச்சிருப்பாரு எண்ணு சொன்னான். டாக்டர் குறைச்சா நோவு குறைஞ்சிருக்கு எண்ணுதானே அர்த்தம்? இவரானா கிடந்து கத்துதாரு. மருந்து தந்தாச்சில்லா, பின்ன எதுக்குக் கத்துதீரு எண்ணு ஏசினேன். மவன் தீபுவும் போன்ல, அப்பா சும்மா நடிக்காரு, நீ கண்டுக்காதே எண்ணு சொன்னான். ஒருநாளு கதவைச் சாத்திட்டு வெளியே போய் இருந்தேன் மோளே."

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அண்ணைக்கு ஆரஞ்சு கொண்டு வந்தே இல்லா. அப்போ சொல்லியிருந்தா அவருக்க கையைப் பிடிச்சு நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்."

வலியை மட்டும்தான் இத்தனை நாளும் கணக்கில் வைத்திருந்தேன். இதை நினைக்கவே இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

எபினைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சித்தி சொல்லித்தான் தெரியும். அவன் என் போனை எடுப்பதில்லை. கம்பெனியில் மேலாளர் நான் எழுதியதைப் படித்துவிட்டு, வக்கீலைக் கேட்காமல் இப்படியெல்லாம் போடலாமா என்றார். அனூஜ் மட்டும் பதில் எழுதியிருந்தார்: "நானும் ஓரிடத்தில் அடிபட்ட பிறகுதான் அதை எழுதினேன்." அதை அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நான்.

ஏப்ரல் 12, சனி

விலாசினி கூப்பிட்டார். போனேன். மேசைமேல் ஒரு நோட்டுத் தாளும் பேனாவும் தயாராக இருந்தன.

"நான் சொன்னா தீபு நம்பமாட்டேங்கான். கடைசியில அப்பா ரொம்ப நடிச்சாரு எண்ணு இப்பவும் சொல்லுகான். நீ எழுதித் தா."

எழுதினேன். பிப்ரவரி ஐந்து முதல் பதிமூன்று வரை உங்கள் அப்பாவுக்குத் தர வேண்டிய மருந்தில் கால் பங்குதான் போயிற்று. அதற்குக் காரணம் நான். அவருடைய வலி உண்மையான வலி. கீழே கையெழுத்துப் போட்டேன்.

விலாசினி விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். முடித்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார்.

"நீ அறிஞ்ச தேதியும் எழுது."

எழுதினேன். அவர் போனில் படம் சரியாக விழாது என்றார். என் போனில் எடுத்து, அவர் சொன்ன எண்ணுக்கு நானே அனுப்பினேன்.