மேல் டிவிஷன் ஆட்கள் இடது பக்கம்

என்னங்க,

எங்கே இருந்தாலும் கழுத்தில் அந்தப் பச்சை மப்ளரைச் சுற்றிக்கொண்டுதான் இருப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். கூப்பிட்டால் முதல் தடவையே திரும்பிப் பார்க்கிற பழக்கம் உங்களுக்குக் கிடையாது. அதனால் இன்னொரு தடவையும் கூப்பிட்டுவிடுகிறேன். என்னங்க, உங்களைத்தான்.

இந்தக் கடிதத்தை விழா மலரில் போடப்போகிறோம் என்று கமிட்டித் தலைவர் செல்வம் சொன்னான். நாலு பேர் படிப்பார்கள். படிக்கட்டும். நீங்கள் மைக்கில் பேசியதை இத்தனை வருஷம் ஊரே கேட்டது. நான் பேசுவதை ஒரு தடவை கேட்டால் யாருக்கும் காது தேய்ந்துவிடாது.

படிக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். இவர் ரிங்லெட் டவுனுக்கு மேலே மலையில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். தொழிற்சாலைக்குக் கீழே இருக்கிற திடலில் வருஷத்துக்கு ஒரு நாள் இசை விழா நடக்கும். அம்மன் திருவிழாவில் ஓர் ஆர்மோனியமும் டிரம்ஸும் வைத்துத் தொடங்கியது, இன்றைக்குக் கோலாலம்பூரிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிற பெரிய விழாவாகிவிட்டது. தோட்டத்தில் தினமும் காலையில் பெரட்டு எடுப்பார்கள். ஆட்களை மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று தோட்டப் பிரிவு வாரியாக வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. அதே மாதிரி விழாக் கூட்டத்தையும் டிவிஷன் வாரியாக உட்காரவைக்கிற வேலை இவருடையது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். நான் இவருடைய பெண்டாட்டி.

சரி, உங்களிடம் வந்துவிட்டேன்.

தோட்டத்து லைன் வீட்டை ஒப்படைத்தாயிற்று. வேலையில் இல்லாதவர்களுக்கு வீடு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததா? நம் மகள் கவிதா ரிங்லெட்டில் சின்னதாக ஒரு வீடு பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் கோலாலம்பூருக்குத் திரும்பினாள். ஜன்னலைத் திறந்தால் பஸ் நிற்கிற இடம் தெரிகிறது. முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மற்றபடி நன்றாக இருக்கிறேன். உண்மையாகவே நன்றாக இருக்கிறேன், உங்களைச் சமாதானப்படுத்தச் சொல்லவில்லை.

இந்த வருஷத்து விழாவைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால் போன வருஷத்தைச் சொல்ல வேண்டும். நீங்கள் இல்லாமல் நடந்த முதல் விழா அது.

நம் காலத்துக் கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? கொழுந்து வெட்டும்போது இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் சீட்டையே கழுவி எடுத்துவந்து ஈரப் புல்லில் விரித்து உட்காருவோம். ஒரு பக்கம் ஆம்பளைகள், ஒரு பக்கம் பொம்பளைகள், நடுவில் கயிறு. விசில் அடித்தவன் வீட்டுக்கு மறுநாள் புகார் போகும். கை தட்டுவதற்குக்கூடப் பக்கத்தில் இருப்பவளின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தட்டுவோம். ஒரு தடவை நேயர் விருப்பச் சீட்டை முழுசாகப் படிக்காமல், எழுதியவள் பேரையும் யாருக்காக என்பதையும் மைக்கில் சேர்த்து வாசித்துத் தொலைத்தீர்கள். அடுத்த தையில் அவர்களுக்குக் கல்யாணம் பண்ணிவைக்க வேண்டியதாயிற்று. நல்ல வேளை, இரண்டு பேருமே சந்தோஷமாக இருக்கிறார்கள்.

பிறகு பையன்கள் பின்னால் லோரி பக்கத்தில் நின்று ஆட ஆரம்பித்தார்கள். நீங்கள் மைக்கில் திட்டுவீர்கள், அவர்கள் இன்னும் பத்தடி தள்ளிப்போய் ஆடுவார்கள். அப்புறம் ஒரு வருஷம் கயிறு கட்டவே மறந்துபோனார்கள். யாரும் கேட்கவும் இல்லை. கல்யாணமானவர்கள் சேர்ந்து உட்கார்ந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் படித்து டவுனுக்குப் போனார்கள். போனவர்கள் விழாவுக்குத் திரும்பி வந்தபோது கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இப்போது யாரும் உட்காருவதில்லை. தொடங்கியதிலிருந்து முடியும்வரை நிற்கிறார்கள். பாடுகிறவரோடு சேர்ந்து எல்லாப் பாட்டையும் அவர்களே பாடிவிடுகிறார்கள். பாதிப் பேர் போனைத் தூக்கிப் படம் எடுப்பதற்காக மேடைக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். முதுகால் பாட்டுக் கேட்கிற கூட்டத்தை இந்த ஜென்மத்தில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

போன வருஷம் பெரிய பாடகர் மேடை ஏறியதும் மொத்தக் கூட்டமும் முன்னால் தள்ளியது. இடது பக்கம் கட்டியிருந்த வேலி சாய்ந்து, திடலை ஒட்டிய தேயிலைச் செடிகளுக்குள்ளே போய் விழுந்தார்கள். இரண்டு வரிச் செடி நசுங்கிப்போனது. ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. தோட்டத்தை நிர்வாகம் செய்கிற துரை மறுநாள் செல்வத்தைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை ஒரு செடி மிதிபட்டாலும் திடல் கிடையாது, டவுனில் போய் நடத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. செடி என்ன, ஒரு ராத்திரியிலா வளர்கிறது? ஆனால் திடல் போனால் விழா போனது போலத்தான். டவுனில் நடந்தால் அது இன்னொரு கச்சேரி. நம் பிள்ளைகள் வருஷத்தில் ஒரு நாள் இந்த மேட்டில் ஏறி வருவதற்கு வேறு காரணம் கிடையாது.

அதனால் இந்த வருஷம் வாடகைக்கு இரும்புத் தடுப்பு வந்தது. ஈப்போவிலிருந்து காவலுக்கு ஆட்கள் வந்தார்கள். என்னைக் கமிட்டியில் சேர்த்தார்கள், சாப்பாட்டுப் பொட்டலத்துக்குப் பொறுப்பு. பனி இறங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று மத்தியானமே தொடங்கிவிட்டார்கள். வெயில் நன்றாக இருந்தது. நான் மேடைக்குப் பக்கத்தில் பொட்டலங்களுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன்.

நாலு மணி இருக்கும். அந்தப் பாடகர் ஏறினார். போன வருஷம் மாதிரியே கூட்டம் நெருக்க ஆரம்பித்தது. காவலாளிகள் மலாயில் கத்தினார்கள், யார் காதிலும் விழவில்லை. இரும்புத் தடுப்பு புல்லில் வழுக்கிக்கொண்டு செடி பக்கம் நகருவதை நான் பார்த்தேன். செல்வம் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்தேனா, இல்லை யோசிக்காமலே எழுந்தேனா, இன்றைக்கும் தெரியவில்லை. மேடை ஏறியிருந்தேன், அறிவிப்பு மைக் என் கையில் இருந்தது. இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு மனப்பாடமான உங்கள் வார்த்தைதான் என் வாயில் வந்தது.

“மேல் டிவிஷன் ஆளுங்க எல்லாம் இடது பக்கம் போங்க. கீழ் டிவிஷன் வலது பக்கம். பிள்ளைங்க முன்னாடி உக்காருங்க.”

ஒருத்தர் நகரவில்லை. முன்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கிள்ளானிலும் ஈப்போவிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மேல் டிவிஷன் எது, கீழ் டிவிஷன் எது? எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இரண்டு டிவிஷனில் இருந்தவர்கள் பாதிப் பேர் செத்துப்போனார்கள், மீதிப் பேர் என்னைப் போல வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். இல்லாத ஆட்களுக்குப் பெரட்டு எடுக்கிறாயே கிழவி என்று என்னையே திட்டிக்கொண்டு மைக்கைக் கீழே வைக்கப் போனேன்.

அப்போது கூட்டத்தின் நடுவில் ஒரு கை உயர்ந்தது. பெரட்டில் பேர் கூப்பிட்டால் உயர்த்துவோமே, அதே மாதிரி நேராக.

“மேல் டிவிஷன், பன்னெண்டு ஆள். எல்லாம் வந்தாச்சு, அக்கா.”

தோட்டத்தில் தமிழ் கற்றுக்கொண்ட நேப்பாளத்துப் பையன்கள். பேசியவன் பேர் திலக் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நம் லைன் வீடுகளில் இப்போது இருப்பது அவர்கள்தான். நீங்கள் போன பிறகு வேலைக்கு வந்தவர்கள், உங்கள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் தினமும் காலையில் பெரட்டுக்கு நிற்கிறார்கள். அத்தனை பெரிய கூட்டத்தில் நான் சொன்னது அவர்களுக்கு மட்டும்தான் புரிந்திருக்கிறது.

பன்னிரண்டு பேரும் நெருக்கத்தை விலக்கிக்கொண்டு இடது பக்கம் போனார்கள். செடிக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார்கள். உட்கார்ந்திருப்பவனை மிதித்துக்கொண்டு போக யாருக்கும் மனசு வருமா? தடுப்பைத் தள்ளிக்கொண்டு வந்த கூட்டம் அவர்களுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது.

முன்னால் நின்ற ஒருவன், காதில் கடுக்கன் போட்டவன், கையைத் தூக்கினான். கிண்டல்தான் செய்கிறான் என்று நினைத்தேன்.

“ஆண்ட்டி, நாங்க கிள்ளான். கிள்ளான் ஆளுங்களுக்கு எந்தப் பக்கம் லா?”

அவன் கேட்ட பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது. கிள்ளானை வலது பக்கம் உட்காரச் சொன்னேன். ஈப்போவை அதற்குப் பின்னால். லெம்பா பெர்த்தாம் காய்கறித் தோட்டக்காரர்கள், கியா பார்ம் கடைக்காரர்கள், தாப்பாவிலிருந்து ஏறி வந்தவர்கள் என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். தன் ஊர்ப் பேர் மைக்கில் வந்தால் கத்தாத மனுஷன் உண்டா? கத்திக்கொண்டே போய் உட்கார்ந்தார்கள். ஒராங் அஸ்லி என்கிற மலைப் பூர்வகுடி இளைஞர்கள் நாலு பேர், இந்த மலையே எங்கள் ஊர்தானே, நாங்கள் எங்கே வேண்டுமானாலும் உட்காருவோம் என்று மலாயில் சொன்னார்கள். நியாயம்தானே, உட்காருங்கள் தம்பி என்றேன். திடலே சிரித்தது. பாடகரும் மைக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார், பாவம்.

அவர் பாட ஆரம்பித்து மூன்றாவது பாட்டுக்கெல்லாம் எல்லாரும் மறுபடி எழுந்துவிட்டார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவரவர் இடத்திலேயே நின்று ஆடினார்கள். நேப்பாளத்துப் பையன்களும் ஆடினார்கள், செடிக்கு முதுகைக் கொடுத்து, வரிசை கலையாமல்.

முன்பெல்லாம் இந்தக் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். நம் விழாவை யாரோ வந்து எடுத்துக்கொண்டார்கள் என்று தோன்றும். அன்றைக்கு மேடையிலிருந்து பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை. பொம்பளைப் பிள்ளைகள் யார் முகத்தையும் பார்க்காமல் கை தட்டுகிறார்கள். ஒருத்தி தன் மாமியாரைக் கையைப் பிடித்து இழுத்து ஆடவைக்கிறாள். நம் கவிதா தொண்டை கட்டும்வரை பாடினாள். நாம் இப்படி இருந்திருக்கலாமே என்று ஒரு நிமிஷம் பொறாமையாகக்கூட இருந்தது. நாம் அத்தனை பயந்தது யாருக்காக?

மறுநாள் காலையில் துரை திடலுக்கு வந்தார். செடி வரிசையை ஓரமாக நடந்து, குனிந்து குனிந்து பார்த்தார். நானும் செல்வமும் பரீட்சை எழுதிய பிள்ளைகளைப் போல நின்றோம். ஒரு கிளைகூட ஒடியவில்லை. அடுத்த வருஷமும் இங்கேயே நடத்துங்கள், மைக் அந்த அக்காவிடம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். செல்வம் அழுதுவிட்டான். திடல் இருக்கிறது, நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இதுவரைக்கும் எல்லாரிடமும் சொன்ன கதை. உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

அன்றைக்குக் கடைசிப் பாட்டுக்கு முன்னால், நன்றி சொல்லலாம் என்று பொட்டலங்களை எடுத்துக்கொண்டு, ஆடிக் களைத்து உட்கார்ந்திருந்த திலக்கிடம் போனேன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவன் கேட்டான், அக்கா எந்த டிவிஷன் என்று. நாற்பது வருஷம் அந்த லைனில் இருந்தவளிடம் கேட்கிறான். எனக்கு இப்போது டிவிஷன் கிடையாது, ரிங்லெட் டவுனில் இருக்கிறேன் என்று சொன்னேன். அவன் பக்கத்தில் இருந்தவனைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுத் தன் ஜாக்கெட்டைக் கழற்றிப் புல்லில் போட்டான்.

“அப்ப எங்ககூட உக்காருங்க லா, அக்கா. இது மேல் டிவிஷன்.”

உட்கார்ந்தேன். இடது பக்கம் செடி, வலது பக்கம் திலக். கடைசிப் பாட்டை முழுசாகக் கேட்டேன். அழுதேன், ஆனால் வருத்தத்தில் இல்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷ விழாவில் ஊரையே உட்காரவைத்தீர்கள், என் பக்கத்தில் வந்து ஒரே ஒரு பாட்டுக்கு உட்கார்ந்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் விரித்த பிளாஸ்டிக் சீட்டில் உங்களுக்கு இடம் விட்டுத்தான் உட்காருவேன். வேலை முடியட்டும் வருகிறேன் என்பீர்கள். பாட்டு முடிந்துவிடும், வேலை முடியாது. நான் அதைக் கேட்டதும் இல்லை, நீங்கள் கவனித்ததும் இல்லை. அதற்காக இப்போது சண்டை போட மாட்டேன். ஆனால் உங்கள் வேலையை எடுத்துக்கொண்டவள் அந்த ஒன்றை மட்டும் உங்களைப் போலச் செய்ய மாட்டாள்.

அடுத்த வருஷமும் மைக்கைப் பிடிப்பேன். ஊர் ஊராகக் கூப்பிட்டு எல்லாரையும் உட்காரவைப்பேன். அது முடிந்ததும் மைக்கைச் செல்வத்திடம் கொடுத்துவிட்டு, மேல் டிவிஷனில் போய் உட்கார்ந்து பாட்டுக் கேட்பேன். சத்தியம்.

கொஞ்சம் கோபத்தோடும் நிறைய அன்போடும்,
உங்கள் பெண்டாட்டி சரசு