நிரப்பாத தாள்

லொரேன், ஒஹாயோ
அக்டோபர் 20

அன்புள்ள அண்ணன் டேமியனுக்கு ரெஜினா எழுதுவது.

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. பயிற்சி முகாமில் கைபேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால்தான் நீ பேனாவைத் தொட்டிருக்கிறாய். கடற்படை உனக்குச் செய்த முதல் நல்ல காரியம். குதிகால் கொப்புளம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே ஏரிக்காற்று தொடங்கிவிட்டது. ஜன்னல்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் ஒட்டியாயிற்று. பூனை உன் கட்டிலைப் பிடித்துக்கொண்டது, இறக்கிவிட்டால் முறைக்கிறது.

இனி என் சண்டைக்கு வருகிறேன். பல்கலைக்கழக விண்ணப்பம் நவம்பர் ஒன்றாம் தேதிக்குள் போக வேண்டும். மதிப்பெண் மட்டும் போதாதாம். நான் யார் என்று அறுநூற்றைம்பது சொல்லில் ஒரு கட்டுரையும் வேண்டுமாம். நான் வேலை செய்யும், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் கூடத்தைப் பற்றி எழுதினேன். விளையாட வருகிறவர்கள் தங்கள் ஷூவைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு வாடகை ஷூ வாங்கிக்கொள்கிறார்கள். அதனால் இந்த ஊரின் சாக்ஸ் எல்லாம் எனக்குத் தெரியும். வக்கீலின் சாக்ஸிலும் பெருவிரல் எட்டிப் பார்க்கிறது, வேலை போனவனின் சாக்ஸிலும் எட்டிப் பார்க்கிறது. வக்கீல் அதை ஆட்டிக் காட்டிச் சிரிப்பார். மற்றவன் காலை மடக்கி மறைப்பான். இவ்வளவுதான் என் கட்டுரை. எழுதி முடித்தபோது எனக்கே என்னைக் கொஞ்சம் பிடித்திருந்தது.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஏன்டி, ஓட்டை சாக்ஸைப் பத்தி எழுதினா எவன்டி சீட்டு குடுப்பான்? நாத்தம் இங்க வரைக்கும் வருது" என்றாள். விண்ணப்பக் கணக்கைத் தொடங்கியவள் அவள், பாஸ்வேர்டும் அவளிடம்தான். நான் பள்ளிக்குப் போய் வருவதற்குள் கட்டுரை மாறியிருக்கும். இதுவரை பதினோரு தடவை. இப்போதைய கட்டுரையில் நான் "ஒன்பது வயதில் தந்தையை இழந்து, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு எழுந்த சிறுமி". அப்பா ஃபுளோரிடாவில் படகு விற்றுக்கொண்டு நன்றாகத்தானே இருக்கிறார், போன மாதம்கூட மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் அனுப்பினாரே என்றேன். "நமக்கு இல்லதானே? எங்க இருந்தா என்ன" என்றாள்.

இதெல்லாம் அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் கற்றுக்கொண்டு வருகிறாள். டாக்டரின் மகளும் இந்த வருடம்தான் விண்ணப்பிக்கிறாள். குவாத்தமாலாவுக்குப் போய் இரண்டு வாரம் கிணறு தோண்டினாளாம். அந்தக் கிணற்றை எழுதித் தரத் தனியாக ஒரு ஆள் வைத்திருக்கிறார்கள். இருப்பவர்கள் கஷ்டத்தைத் தேடி விமானம் ஏறுகிறார்கள். இல்லாதவர்கள் வீட்டிலிருக்கும் கஷ்டத்தைத் துடைத்து, கடை ஜன்னலில் வைக்க வேண்டும். எவனோ ஒருவன் அலுவலகத்தில் உட்கார்ந்து, எது நன்றாக அழுகிறது என்று பார்த்துப் பொறுக்குவான். இதை அம்மாவிடம் கத்தியே சொன்னேன். "அந்தப் பொண்ணுக்கு ஆளு இருக்கு. உனக்கு நான்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அவள் எழுதியதன் கீழ் என் பெயரைப் போட மாட்டேன். அதைவிட விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவேன்.

கோபத்தோடு,
ரெஜி

லொரேன்
நவம்பர் 2

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் நலம். வரிசையாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் நம்ப மாட்டாய்.

பள்ளி ஆலோசகர் திருமதி ஓர்ட்டீஸை உனக்கு நினைவிருக்கும். நானூறு பிள்ளைகளுக்கு அவர் ஒருவர்தான். அம்மாவின் கட்டுரையைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ரெஜி, இதை எழுதின பொண்ணுக்கு நாப்பது வயசும் இடுப்பு வலியும் இருக்கும் போலிருக்கே" என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. மறுநாளே அம்மாவை வரச் சொன்னார்.

அம்மா மதிய இடைவேளையில், மருத்துவமனைச் சட்டையோடு, பதினோரு பிரதிகளையும் ஒரு கோப்பில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். "நாங்க ரொம்ப உழைச்சிருக்கோம் மேடம்" என்றாள். "நீங்களும் காலேஜுக்குப் போறீங்களா? ரெண்டு பேருக்கும் ஒரே ரூம் கேக்கட்டுமா?" என்றார் ஓர்ட்டீஸ். அம்மா சிரிக்கவில்லை. பிறகு ஓர்ட்டீஸ் என் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார். பெற்றோர் தம் பிள்ளையைப் பற்றி எழுதித் தர வேண்டிய தாள். அதைப் பார்த்துத்தான் அவர் சிபாரிசுக் கடிதம் எழுதுவார். "ரெஜி எழுத வேண்டியதெல்லாம் நீங்க எழுதியிருக்கீங்க. நீங்க எழுத வேண்டியது மட்டும் காலியா கிடக்கு. கட்டுரைய அவ பாத்துக்கட்டும், இதை நீங்க எழுதுங்கம்மா" என்றார். அம்மா அதைப் போக்குவரத்துப் போலீஸ் கொடுத்த அபராதச் சீட்டைப் போல மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மூன்று நாள் ஒரு வரி வரவில்லை. அடுப்பைத் துடைத்தாள். அலமாரியைக் காலி செய்து அடுக்கினாள். முட்டைக்கோஸை வதக்கி நூடுல்ஸில் புரட்டி, பத்துப் பேருக்குச் செய்தாள். நாலாம் நாள் என் அறை வாசலில் வந்து நின்று, "நீயே கொஞ்சம் எழுதிக் குடேன்டி" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "சிரிக்காதடி, என் பேர்ல எழுதணும்னா கை ஓட மாட்டேங்குது" என்றாள். சொல்லிவிட்டு அவளும் சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போன பிறகு, தாள் சாப்பாட்டு மேசையில் இருந்தது. 'தப்பு இருந்தால் திருத்து' என்று ஒரு துண்டுச் சீட்டு. உனக்காக அப்படியே எழுதுகிறேன்:

"என் மகள் ரெஜினா முன்கோபக்காரி. பொய் சொல்ல வராது, அதனால் எனக்கும் அவளுக்கும் சண்டை. இவள் அண்ணனுக்கும் இதே தாளைப் பள்ளியில் கொடுத்தீர்கள். அப்போது நான் இரண்டு இடத்தில் வேலை பார்த்தேன். தாள் ஃபிரிட்ஜ் மேலே கிடந்தது. நாளைக்கு நாளைக்கு என்று கெடு போய்விட்டது. அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வருடம் கிடங்கில் பெட்டி தூக்கினான், பிறகு கடற்படைக்குப் போய்விட்டான். அவனுக்கு எழுதாமல் விட்டதையும் சேர்த்து இவளுக்கு எழுதிவிட்டேன் போலிருக்கிறது. நிறுத்திக்கொள்கிறேன். இவள் நல்ல பெண்."

அண்ணா, பேனா என் கையில் இருந்தது. இரண்டு வாக்கியத்தை மாற்றிப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. முடிவை எப்படி எழுத வேண்டும் என்றுகூட எனக்குத் தெரிந்தது. கை அரித்தது. அம்மாவுக்கு இரண்டு மாதமாக இருந்த அரிப்பு இதுதான் போல. ஒரு புள்ளிகூட வைக்காமல் ஓர்ட்டீஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முப்பத்தொன்றாம் தேதி அம்மா பாஸ்வேர்டைத் தந்தாள். நான் என் பழைய கட்டுரையைப் போட்டேன். ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொன்னாள். காலை மடக்கி மறைப்பவன் வரும் இடத்தில், "அது நம்ம மாடி வீட்டு லூகாஸ்தானே?" என்றாள். பேர் சொல்லவில்லையே என்றேன். "சொல்லல. ஆனா பாவம், அவனேதான்" என்றாள். வாசித்து முடித்ததும், கடைசிப் பத்தி இழுக்கிறது என்றாள். அது உண்மை, வெட்டினேன். "சரி, அமுக்கு" என்றாள். அமுக்கினேன்.

இடம் கிடைக்குமா என்று தெரியாது. டாக்டரின் மகளுக்குக் கிடைத்துவிடும், அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தீரவும் வேண்டாம். ஆனால் நான் அனுப்பியது என்னுடையது. இந்த இரண்டு நாளாக வீட்டில் யாரும் கதவை அறைந்து சாத்தவில்லை. காலையில் அம்மா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே எதையோ முணுமுணுத்துப் பாடுகிறாள். ராகம் மோசம், கேட்க நன்றாக இருக்கிறது.

உன் பயிற்சி நிறைவு அணிவகுப்புக்கு அம்மா இப்போதே விடுப்புச் சொல்லிவிட்டாள். ஆறு மணி நேரம் அவளே கார் ஓட்டுவாளாம். அங்கே வந்து அந்தப் பழைய தாளைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். நான் சொன்னதாக நீயும் காட்டிக்கொள்ளாதே. ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ அனுப்பிய மூன்று உறைகளிலும் என் பெயர் மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் அவள்தான் தபால் பெட்டியிலிருந்து எடுக்கிறாள். பிரிப்பதில்லை. என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் படித்து முடிக்கும் வரை சிங்க் பக்கம் திரும்பி நிற்கிறாள். பிறகு "சாப்பிடுறானாமா?" என்று மட்டும் கேட்கிறாள்.

அடுத்த உறையில் அவள் பெயரை எழுது, அண்ணா. இரண்டு வரி போதும். என்ன எழுதினாய் என்று நான் கேட்கவே மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
ரெஜி