நாற்பது வரி நகரம்

மார்ச் 4, செவ்வாய்

மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை பல் டாக்டரிடம் யாரும் வருவதில்லை. வரவேற்பு மேசையில் அந்த ஒரு மணி நேரம் என்னுடையது. படமே இல்லாமல் எழுத்திலேயே ஓடும் எங்கள் இணைய ஆட்டத்தில் புது நகரம் ஒன்று சேர்க்கிறார்களாம். எழுதிக் கொடுக்க 15ஆம் தேதி மதியம் பன்னிரண்டு வரை கெடு. பன்னிரண்டு வருடமாக ஆடுகிறேன். என்னை விட்டால் யார்?

எங்களோடு ஆடும் அந்த நத்தையும் எழுதுகிறானாம். அந்த மூஞ்சிக்கு நகரம் ஒரு கேடு.

மார்ச் 6, வியாழன்

நத்தை தான் எழுதும் துறைமுக நகரத்தை, ஆட்டத்தில் எல்லோரும் கூடிப் பேசும் பொது அறையில் காட்டினான். ஒரு வரி தட்டுவான். நான் டீ குடித்து டம்ளரைக் கழுவி வைப்பேன். அடுத்த வரி வரும். "எழுதி வெச்சதை மொத்தமா ஒட்ட வேண்டியதுதானே?" என்றேன். "ஒட்டினா ஒவ்வொரு வரியும் தனித்தனிப் பேச்சா போகுதுக்கா. ஆட்டம் வெளிய தள்ளிடுது" என்றான். அடேயப்பா. முதலில் எழுதும் பெட்டியைத் திறந்துவிட்டு ஒட்ட வேண்டும். பச்சைப் பிள்ளைக்குத் தெரியும். மண்டையில் களிமண்ணா என்று எல்லோர் எதிரிலும் கேட்டேன்.

"சரிக்கா" என்றான். ரோஷமாவது இருக்கிறதா?

மார்ச் 10, திங்கள்

இன்றும் நத்தைக்கு நாலு திட்டு கொடுத்தேன், ராத்திரி வீட்டிலிருந்து. நான் தட்டியதை எட்டிப் பார்த்த வீட்டுக்காரர், "யாருக்கும்மா இந்த அர்ச்சனை?" என்றார். இவருக்கென்ன தெரியும்.

மார்ச் 13, வியாழன்

நகரம் முடிந்தது. நாற்பது வரி. ஒரு சொல்லைக் கூட நகர்த்த முடியாது.

மார்ச் 14, வெள்ளி

போச்சு.

கோப்பிலிருந்து வெட்டி எடுத்தேன் — காப்பி செய்யவில்லை, ஒரே சாமான் இரண்டு இடத்தில் கிடந்தால் எனக்குப் பிடிக்காது. காலிக் கோப்பைச் சேமித்து மூடினேன். ஒட்டினேன். எழுதும் பெட்டியைத் திறக்காமல். நான்! நாற்பது வரியும் பொது அறையில் கொட்டியது. ஆட்டம் என்னைத் தள்ளித் திரையை மூடியது. பதறிப்போய், மறுபடி நுழையக் கடவுச்சொல்லைக் காப்பி செய்தேன். கணினி ஒட்டுவதற்கென்று ஒன்றைத்தான் பிடித்து வைத்திருக்கும்; அதில் இருந்த நகரம் அத்தோடு அழிந்தது.

நாளைக்குப் பன்னிரண்டு மணி கெடு. நினைவிலிருந்து ஆறு வரி தேறியது. ஆறே ஆறு. நல்லா வேணும்டி உனக்கு.

மார்ச் 15, சனி

பத்தரைக்கு நத்தையிடமிருந்து ஒரு கோப்பு. அவன் திரையில் வருவதெல்லாம் தானாகவே பதிவாகுமாம். "உங்க பேர்ல வந்த வரி அத்தனையும் எடுத்து அனுப்பியிருக்கேன்க்கா. எதெது வேணும்னு நீங்களே பாத்துக்கங்க."

நகரம் முழுசாக இருந்தது, கடைசி நாற்பது வரி. அதற்கு மேலே முந்நூற்றுப் பதினேழு வரி. அனேகமாக எல்லாமே அவனுக்கு நான் சொன்னவை. ஒன்றைக் கூட அவன் நீக்கவில்லை.

நேராகக் கீழே போயிருக்கலாம். முதல் வரியிலிருந்து படித்தேன். நகரத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டே கால்.