தொட்டியில் ஏறும் தண்ணீர்

2025 செப்டம்பர் 2, செவ்வாய்

கல்முனை இன்ஜினியர் கேட்ட, கட்டப்போகிற வீட்டின் கொம்பியூட்டர்ப் படத்தை இன்று முடித்து அனுப்பினேன். பல்கனிக்கு மஞ்சள் நிறம்தான் வேண்டுமாம். பார்க்கச் சகிக்கவில்லை. கேட்டவருக்குப் பிடித்தால் சரி. வெள்ளை உடுப்போடு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கணவனை இழந்து இத்தா இருக்கிறவளுக்கு நிறத்தைப் பற்றி என்ன பேச்சு?

இந்த அறையில் நிறம் என்று இருப்பது மெஷினின் கண்ணாடிக்குள் ஓடும் நீலத் தண்ணீர் மட்டும். என் பழைய கொம்பியூட்டர் சாய்ந்தமருது வெயிலுக்குப் பாதிப் படத்திலேயே சூடேறிப் படுத்துவிடும். அதனால் என் கணவர் றிபாத் மச்சான் எனக்காகத் தண்ணீரால் குளிர்கிற மெஷினைத் தன் கையாலேயே பூட்டினார். ஒரு கண்ணாடித் தொட்டி, அதன் அடியில் பம்ப், வளைந்து வளைந்து போகும் தெளிந்த குழாய்கள். "இனி நீங்க மாளிகையே கட்டலாம்" என்றார்.

ஜூலையில், நிந்தவூருக்கு அப்பால் பைக் விபத்தில் அவர் மௌத்தான அன்று காலை, இதன் ஸ்விட்சைப் போட்டுவிட்டுத்தான் வெளியே போனார். அதற்குப் பிறகு நான் நிறுத்தவே இல்லை. அவர் ஓடவிட்டதில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது இது ஒன்றுதான். கரண்ட் போனாலும் பெட்டரி பார்த்துக்கொள்கிறது. நான் இருக்கும்வரை இது நிற்காது.

செப்டம்பர் 6, சனி

தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கிறது. மச்சான் பேனாவால் போட்ட கோட்டுக்கு ஒரு விரல் கீழே. பொருத்துகளுக்கு அடியில் டிஷூ வைத்துப் பார்த்தேன், சொட்டு ஈரம் இல்லை. பிறகு எங்கே போகிறது?

பின்னேரம் படம் வரைந்துகொண்டிருந்தபோது பெட்டிக்குள் ஒரு சத்தம். தொண்டையைச் செருமுவது போல. அவர் ஏதாவது சொல்ல வந்து தயங்கும்போது அப்படித்தான் செருமுவார். நான் திரும்பி "என்ன?" என்றேன். வாய்விட்டே கேட்டுவிட்டேன். நல்லவேளை அறையில் யாரும் இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

தங்கச்சி அம்ஹாவை விட்டு சப்ரியிடம் கேட்கச் சொன்னேன். சப்ரி மச்சானுடைய கூட்டாளி, கல்முனையில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கிறார். இத்தாவில் நான் பிற ஆண்களோடு கதைக்க முடியாது. அம்ஹா விறாந்தையில் நின்று போனில் கேட்டு, பாங்கு சொல்கிற மாதிரி எனக்குக் கத்தினாள்.

"ராத்தா! தண்ணி குழாய்ட சுவரால மெதுமெதுவா ஆவியாப் போகுமாம்! காத்து பம்புக்குள்ள போனா அப்பிடித்தான் சத்தம் வருமாம்!"

"மறுகா என்ன செய்யட்டாம்?"

"நிப்பாட்டிட்டு, எல்லாத்தையும் கழட்டிக் கழுவட்டாம்! வருஷத்துக்கு ஒருக்காக் கழுவணுமாம்!"

நிறுத்தச் சொல்லிவிட்டால் ஆயிற்றா? பிறகு பார்க்கலாம் என்று சொல்லச் சொன்னேன்.

செப்டம்பர் 13, சனி

தண்ணீர் ஏறியிருக்கிறது.

நான் ஊற்றவில்லை. காலையில் பார்க்கிறேன், கோட்டுக்குச் சரியாக நிற்கிறது. கண்ணாடியில் விரலை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடு. உம்மாவிடம் கேட்டேன். "நான் என்னத்துக்கு அதத் தொடுறன்? கரண்டுப் பெட்டிக்குள்ள தண்ணிய வெச்சிரிக்கிறதே எனக்குப் புடிக்கல்ல" என்றார். சுனாமியில் கடல் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து உம்மாவுக்கு வாளியில் கூடத் தண்ணீர் நிறைந்து நிற்கக் கூடாது. அம்ஹா சத்தியமாக இல்லை என்றாள். வேறு யார் இந்த அறைக்குள் வருகிறார்கள்? நேற்று வெள்ளிக்கிழமை மச்சானின் உம்மா, ஜுனைதா மாமி, வழக்கம்போல வந்து யாசீன் ஓதிவிட்டுப் போனார். பாவம், மாமிக்குப் போனில் அழைப்பெடுக்கவே தெரியாது.

பயப்பட வேண்டும் அல்லவா? எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

நீலம் போய்விட்டது. களப்பில் பாசி பிடித்த இடத்துத் தண்ணீரின் நிறம் வந்திருக்கிறது. குழாய்களும் உட்பக்கமாகப் பனி படிந்ததுபோல் வெளுக்கின்றன.

மேல் வளைவில் வெள்ளையாக ஓர் இழை. ஒரு முனை சுவரில் ஒட்டியிருக்கிறது, மறுமுனை ஓட்டத்தில் ஆடுகிறது. நான் வந்து கதிரையில் அமர்ந்தால் ஆட்டம் கூடுகிறது. எழுந்து போனால் அடங்குகிறது. வேலை தொடங்கினால் சூடு ஏறும், பம்ப் வேகம் எடுக்கும், அதனால்தான். தெரியும். தெரிந்துகொண்டே ஸலாம் சொன்னேன்.

செப்டம்பர் 27, சனி

மீண்டும் குறைந்து, மீண்டும் ஏறியிருக்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

இழைகள் கூடிவிட்டன. முடி மாதிரி. சீப்பில் சிக்கிக் கிடக்குமே, அப்படி ஒரு கொத்து தொட்டியின் அடியில் சுற்றுகிறது. சுற்றிச் சுற்றி வந்து கண்ணாடிப் பக்கமாக, என் பக்கமாக, ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அம்ஹா பார்த்துவிட்டு, "ராத்தா, இது எனக்குச் சரியாப் படல்ல. துணியப் போட்டு மூடுங்க" என்றாள். எதற்கும் பகிடி பண்ணுகிறவள் சிரிக்கக்கூட இல்லை.

மூடவில்லை.

அக்டோபர் 11, சனி

மாமிக்குக் காய்ச்சலாம், நேற்று வரவில்லை. யாசீன் ஓத ஆளில்லாமல் அறை நாள் முழுக்கச் சாத்தியே கிடந்தது. நான் கூட உம்மாவோடு குசினியில்தான் இருந்தேன்.

இன்று தண்ணீர் கோட்டைத் தாண்டி நிற்கிறது.

லுஹர் தொழுதுவிட்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் அமர்ந்தேன். செருமல் கேட்டது. "சொல்லுங்க மச்சான்" என்றேன். இது பாவமா? மனம் பிசகியவள் என்பார்களா? மௌத்தானவர் ரூஹ் எங்கே இருக்குமோ அங்கேதான் இருக்கும், குழாய்க்குள் சுற்றிக்கொண்டிருக்காது. ஆறாம் வகுப்பிலேயே படித்ததுதான். என்றாலும் இத்தா முடிந்து ஜன்னல் திறக்கும் நாளை நான் எண்ணுவதே இல்லை. எனக்கு இது முடியவே வேண்டாம்.

அக்டோபர் 19, ஞாயிறு

சின்னப் படத்துக்கே திரையில் சூடு தொண்ணூறைத் தாண்டுகிறது. மெஷின் மூச்சிரைக்கிறது. குழாய்கள் முழுக்க வெளுத்துவிட்டன, உள்ளே என்ன நடக்கிறது என்று இனித் தெரியாது.

அக்டோபர் 24, வெள்ளி

 இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

அஸர் தொழுகைக்கு முந்தி மாமி வந்தார். காய்ச்சலுக்குப் பிறகு பாதியாகப் போயிருக்கிறார். அவரை அறையில் விட்டுவிட்டு, கை கால் கழுவி ஒளு எடுக்கப் போனேன். துவாய் எடுக்க மறந்து பாதியில் திரும்பினேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ கிசுகிசுக்கிற சத்தம். யாசீன் இல்லை. ஒரே வசனம், திரும்பத் திரும்ப.

"லா இலாஹ இல்லல்லாஹ்... சொல்லுங்க மகன்... லா இலாஹ இல்லல்லாஹ்..."

சொல்லிவிட்டு நிறுத்துகிறார். காத்திருக்கிறார். பெட்டிக்குள் அந்தச் செருமல். மறுபடி, "லா இலாஹ இல்லல்லாஹ்".

 உயிர் பிரியும் சக்கராத்தில் கிடக்கிறவர்களின் காதில் சொல்லிக் கொடுப்பதல்லவா அது! கதவை மெல்லத் தள்ளினேன். தொட்டியின் மூடி திறந்து கிடந்தது. மாமி குனிந்து, ஹஜ்ஜில் இருந்து கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணீர்ப் போத்தலைச் சரித்து, சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். கடைசி மூச்சுக்காரருக்கு வாயில் விடுவது போலவே. மறுகையை ஏந்தி, வழியாமல் தாங்கிக்கொண்டு.

என்னைக் கண்டதும் ஒளிக்கவில்லை.

"ஏசாதீங்க மகள்" என்றார். "எனக்கு வெளங்காம இல்ல. இது பெட்டிதான். அவன் றோட்டுல கெடந்தான். என்ட புள்ளைக்கு ஒரு சொட்டுத் தண்ணி வாயில வெக்க, ஒரு கலிமா சொல்லிக் குடுக்க, எனக்குக் கெடைக்கல்ல. அவன் வெச்ச தண்ணி வத்துதெண்டு அம்ஹா சொன்னா. வத்த உடலாமா?"

நான் ஏசவில்லை. எனக்கு என்ன வாய் இருக்கிறது ஏச? கீழே அமர்ந்து அவர் மடியில் முகத்தை வைத்து அழுதேன். அவர் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அக்டோபர் 26, ஞாயிறு

ஸம்ஸம் ஊற்றியதை சப்ரியிடம் சொல்லச் சொன்னேன். எவ்வளவு ஊற்றியது என்று முதலில் கேட்டாராம். பிறகு, "அதுல தாது உப்பு இரிக்கே... உள்ளுக்குள்ள செம்புத் தகட்ட அரிச்சிரிக்கும்" என்றாராம். வெள்ளை இழையெல்லாம் குழாயிலிருந்து கசிகிற பிசினாம், உப்புத் தண்ணீர் சேர்ந்ததும் திரண்டுவிட்டதாம்.

"ரெண்டே வழிதானாம் ராத்தா. இப்பிடியே உட்டா பம்ப் ஒரு நாள் தானா இறுகி நிக்கும், குழாய் கழரும், தண்ணி போர்ட்டுல கொட்டி எல்லாம் எரியும். இல்லாட்டி நீங்களா நிப்பாட்டணும். நிப்பாட்டினா அந்தப் பம்ப் மறுகா சுத்துமெண்டு நம்பவே வேணாமாம்."

எப்படியும் நிற்கத்தான் போகிறது. என் வேலையும் சேர்ந்து எரிந்து நிற்பதா, நானே நிறுத்துவதா? என்னால் முடியாது. முடியவே முடியாது.

அக்டோபர் 29, புதன்

மழை. ஒரு பொருத்தில் பச்சை நிறத்தில் ஒரு முத்து. துடைத்தேன். சிறிது நேரத்தில் மறுபடி வந்தது. நேராகக் கீழே போர்ட்.

இனி நானே நிறுத்த வேண்டியதுதான், ஆனால் அது ஒருவர் உயிர் போகிற நேரம் மாதிரி. பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும். மாமியைக் கூட்டிவரச் சொல்லி அம்ஹாவை அனுப்பப்போகிறேன்.

அக்டோபர் 30, வியாழன்

காலையில் மாமி வந்தார். என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னேன். தலையாட்டினார். உம்மா வாசலில் நின்று, "மௌலவி கேட்டா என்ன சொல்லுவார்? ஒரு பெட்டிக்கு இவ்வளவா?" என்றார். "பெட்டிக்கில்ல உம்மா" என்றேன். அவரும் உள்ளே வந்து அமர்ந்தார்.

மாமி போத்தலைத் திறக்கவில்லை. கண்ணாடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு கலிமாவைச் சொன்னார். அவசரமே இல்லாமல். நான் படங்களை எல்லாம் சேமித்துவிட்டு, நிறுத்தச் சொல்லி அழுத்தினேன். திரை கறுத்தது. பம்ப் இறங்கி, இறங்கி, கடைசியாக ஒரு செருமல். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

வீடு இவ்வளவு அமைதியாக இருக்குமா? கடல் இரைவது அறைக்குள்ளேயே கேட்டது.

"இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி றாஜிஊன்" என்று மௌத்துக்குச் சொல்வதைச் சொன்னார் மாமி. என்னைப் பார்த்து, "கிட்ட இருந்தன் மகள்" என்றார். அழவில்லை. ஜூலைக்குப் பிறகு இன்றுதான் எங்கள் வீட்டில் சோறு தின்றார், கறியும் கேட்டு வாங்கி.

நவம்பர் 2, ஞாயிறு

சப்ரி அனுப்பிய வீடியோவில் காட்டிக்கொடுத்தபடி நானே கழற்றினேன். குழாயை வெட்டியதும் உட்புறம் பால் ஆடை போல உரிந்து வந்தது. செப்புத் தகட்டின் நுண்ணிய பற்களுக்குள் பச்சை மாவு இறுகிக் கிடந்தது. பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். இழைகள் விரலில் சுற்றிக்கொண்டு விடமாட்டேன் என்றன. பயமாக இல்லை. பரிதாபமாக இருந்தது.

வடித்த தண்ணீரை எங்கே ஊற்றுவது? சாக்கடைக் கானுக்குள் ஊற்ற முடியாது, ஸம்ஸம் கலந்தது. மரத்தடியில் ஊற்றினால் மரம் பட்டுப்போகும், அதில் கலந்த நீலக் கூலன்ட் மருந்து நஞ்சு. மாமி மண்வெட்டியை எடுத்துப்போய், யார் காலும் படாத மதில் மூலையில் தானே குழி வெட்டினார். ஊற்றி மூடி, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்தார்.

ஒரு விஷயத்தையும் கேட்டேன். "காய்ச்சலெண்டு நீங்க வராத கிழமையும் தண்ணி ஏறித்தானே இருந்திச்சி மாமி?"

"அந்தக் கிழமை நான் பாயால எழும்பவே இல்லயே" என்றார்.

சூட்டுக்குத் தண்ணீர் விரிந்தும் மட்டம் ஏறலாம் என்றாராம் சப்ரி. இருக்கலாம். நான் மேலும் கேட்கவில்லை.

நவம்பர் 12, புதன்

நேற்று இத்தா முடிந்தது. குளித்து, பச்சை உடுப்பு உடுத்தேன். கண்ணாடியில் என்னையே எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. இன்று அம்ஹாவோடு கல்முனைக்குப் போய் சப்ரியின் கடையில் நானே சாமான் வாங்கினேன். தெளிந்த குழாய் வேண்டாம் என்றேன். கறுப்பு றப்பர் குழாய். உள்ளே ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

பழைய பம்பை வைத்துப் பார்த்தேன். சுற்றவில்லை. புதியதைப் பூட்டினேன். கடையில் வாங்கிய காய்ச்சி வடித்த தண்ணீரும் மருந்தும் ஊற்றி, ஒரு நாள் ஓடவிட்டுக் காத்திருந்தேன். ஒரு கசிவும் இல்லை.

செருமுமா என்று காது கொடுத்துக் கேட்டேன். மோட்டார் ஒன்று ஓடுகிற சத்தம்தான்.

நவம்பர் 19, புதன்

சவளக்கடை அரிசி ஆலைக்காரரின் புது வீட்டுப் படம் இன்று முடிந்தது. ஓட்டுக் கூரைதான் வேண்டும் என்று நின்றார். வெயில் விழுகிற பக்கத்தைச் சரியாக வைத்ததும் வீடே அழகாகிவிட்டது.

அஸர் பாங்கு கேட்டது. எழுந்து துப்பட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது குசினியிலிருந்து உம்மா குரல் கொடுத்தார்.

"என்ன புள்ள, மெஷின் சத்தத்தக் காணல்ல?"

"வேல முடிஞ்சி உம்மா. நிப்பாட்டிட்டன்."