தண்ணீருக்கு முந்தும் கணக்கு

8.10.1993
ஓடிவிட்டது! நாலு பிராசசரும் ஒரே நேரத்தில். நரிக்குடிப் பக்கத்து நாலு கண்மாய்களில் ஆளுக்கு ஒன்றின் வெள்ளக் கணக்கைப் பார்க்கும். மேல் கண்மாய் நிறைந்து, உபரி நீர் போகும் கலிங்கு வழியாக வழிந்தால், அதன் பிராசசர் 'இவ்வளவு வருகிறது' என்று அடுத்ததற்குச் சொல்லும். ஒரே பிராசசரில் ஏழு மணி நேரம் பிடித்த கணக்கு, இன்று ஒன்றே முக்காலில் முடிந்தது. தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகவே மூன்று மணி நேரம் ஆகும். நான் முந்திக்கொள்வேன்.

நான்காம் கண்மாய்க்குக் கீழே நாற்பது வீடுகள். கரை பலவீனம். அவர்கள் எப்போது கிளம்ப வேண்டும் என்று இனி இந்த மெஷின் சொல்லும். பக்கத்து மேஜை ஜெபக்குமார், "தண்ணிகூடவே ரேஸ் விடுறீகளாக்கும்" என்று சிரித்தார். ஆமாம், விடுகிறேன்.

19.10.1993
முதல் மழை. மானம் போனது. இரண்டாம் கண்மாய்க்குப் பகல் பன்னிரண்டுக்குத் தண்ணீர் வரும் என்றேன். வந்தது மாலை ஐந்துக்கு — அதுவும் மொத்தமாக, கரையை உரசிக்கொண்டு. அங்கே காவல் பார்க்கும் சித்தப்பா மகன் செல்லப்பாண்டி போனில் சொன்னான்: "நீங்க சொன்ன நேரத்துக்கு ஒரு தவளைகூட வரலக்கா."

21.10.1993
புரோகிராமை வரி வரியாகப் பார்த்தாயிற்று. தப்பு இல்லை. அப்புறம் எங்கே?

24.10.1993
ஞாயிறு. திருச்சுழியில் பஸ் மாறி ஊருக்குப் போனேன். மேல் கண்மாய் எங்கள் ஊர்க் கண்மாய்தான். கூடுதல் தண்ணீர் தேக்க, கலிங்கின் மேல் இரண்டு வரிசைக் கல், இடையில் களிமண். போன மழையில் சரிந்ததைத் திரும்ப அடுக்கியிருக்கிறார்கள். சரிகிறவரை தண்ணீர் நிற்கும். சரிந்தால் மொத்தமாகப் பாயும். அட மடச்சி! பாவாடை கட்டிய வயதில் நானே இந்தக் கல்லைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். சர்க்கார் காகிதத்தில் இருந்த கலிங்கு உயரத்தை அப்படியே கணக்கில் போட்டேனே, அப்போது ஏன் ஞாபகம் வரவில்லை?

ஆள் விட்டு அடுக்கியது அப்பா.

"எடுத்திருங்கப்பா. கீழ நாப்பது வீடு இருக்கு."

"எடுத்துட்டா? தை மாசம் நெல்லுக்குக் கடைசித் தண்ணிய உன் மிஷினு ஊத்துமாக்கும்?"

பயிர் கருகியபோது அவரோடு வரப்பில் நின்றவள்தான் நானும். ஆனாலும், பொதுப்பணித்துறை அதிகாரிகளிடம் சொல்லிவிடுவேன் என்றேன். "சொல்லேன்" என்றார். சாப்பிடச் சொல்லவில்லை.

25.10.1993
சொல்லிவிட்டேன். அப்பா பெயரையும். வந்து பார்ப்பார்களாம். வீட்டுக்கு வந்து அழுதேன்.

9.11.1993
நேற்றிலிருந்து மழை. அதிகாரிகள் இதுவரை வரவேயில்லை. காலை ஒன்பதுக்கு மழையளவு கிடைத்ததும் இரண்டு விதமாகக் கணக்கு ஓட்டினேன். பன்னிரண்டரைக்கு விடை. கல் இருந்தால், இரண்டாம் கண்மாய்க்கு ஆறு மணிக்குத்தான் தண்ணீர். மொத்தமாகப் பாயும், இரவில் நான்காம் கரை உடையும். கல் இல்லாவிட்டால் மூன்றரைக்கே வரும், கரை தாங்கும். எதற்கும் நாற்பது வீட்டுக்காரர்களையும் மேட்டுக்குப் போகச் சொல்லியாயிற்று. அப்புறம் போனை விட்டு நகரவில்லை.

மூன்று முப்பத்தைந்துக்கு மணி அடித்தது. செல்லப்பாண்டி.

"அக்கா, தண்ணி வந்துருச்சுக்கா. சீரா வருது."

அப்பா கல்லை எடுத்துவிட்டார்.

ஜெபக்குமார் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கணக்கு சரி என்று மட்டும் சொன்னேன்.